ஊசி மாற்றும் நேரம்

எதிர்வீட்டு அக்கா முதன்முதலில் என் கதவைத் தட்டியது ஒரு புகாரோடு. பெங்களூரு அடுகோடியில் ஒரு வெல்டிங் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். நான் குடிவந்து மூன்று மாதமாகியும் அவரோடு ஒரு சிரிப்புக்கு மேல் பழக்கமில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கதவைத் திறக்கும்போதே, "ஸாரிக்கா, குறைச்சுடறேன்" என்றேன்.

"சத்தம் இருக்கட்டும், கீழ வெல்டிங்காரன் போடாத சத்தமா? உள்ள ஒண்ணு அடிச்சுக்கினே இருக்குதே, அதுல ஏழாவது தட்டு மட்டும் ரெண்டு வாட்டி வுழுது. காலையிலேர்ந்து கேக்கறேன். உனக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்திருந்தது.

மேஜைமேல் இருந்தது ஒரு சிந்தசைசர், மின்னணு இசைக்கருவி. வெளிநாட்டுக்குப் போன சக ஊழியர் ஒருவர் என்னிடம் விட்டுப் போனது. பியானோ போலக் கட்டைகள் கிடையாது. தடித்த அகராதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேலே திருகுகள், கீழே வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் ஓர் இடம், ஸ்டெப் என்பார்கள். எதை அழுத்தி விளக்கேற்றுகிறோமோ அந்த இடத்தில் சத்தம் வரும், விளக்கில்லாத இடத்தில் வராது. ஒரு சிறு வெளிச்சம் இடமிருந்து வலமாக ஓடி, பதினாறைத் தொட்டதும் ஒன்றுக்குத் திரும்பும். நிறுத்தும்வரை இப்படியே சுற்றும். வாசிக்கத் தெரியாதவர்களும் இசையமைக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் பதில் சொல்லாமல் எதையாவது செய்ய வேண்டும் என்றிருந்தது.

அக்கா உள்ளே வந்து, குனிந்து, வெளிச்சம் நாலு முறை சுற்றும்வரை பார்த்தார். "எங்க லைன் மாதிரி இருக்குது" என்றார்.

ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவர் செக்கர். வரிசையாக முப்பது தையல் மெஷின்கள். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி மடிப்பு என்று ஆளுக்கொரு வேலை. கடைசி மேஜையில் அக்கா. முடிந்து வரும் ஒவ்வொரு துணியையும் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். இருபது வருஷமாக அதுதான் வேலை.

கையேட்டை ஒரு மணி நேரம் புரட்டிய பிறகு கண்டுபிடித்தேன். எந்த இடத்தையும் தனியாக இரட்டிக்க வைக்க முடியுமாம். முந்தைய சொந்தக்காரர் ஏழாவதை அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். சரிசெய்தேன். அக்கா கண்ணை மூடி ஒரு சுற்று கேட்டுவிட்டு, "ஆயித்து" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவராகவே வந்தார்.

அவருடைய குணத்தைச் சொல்வதென்றால் இவ்வளவுதான்: குறையைப் பார்த்துவிட்டால் சொல்லாமல் அவரால் நகர முடியாது. வீட்டிலும் அந்த ஸ்டிக்கர் தாள் அவருடைய பர்ஸில் இருக்கும். என் சமையலறையில் கோணலாகப் பதித்த டைல் ஒன்று, ஜன்னல் திரையின் பிரிந்த மடிப்பு, வாடகை ஒப்பந்தத்தில் என் அப்பா பெயரில் விடுபட்ட ஒரு எழுத்து, எல்லாவற்றிலும் அம்புக்குறி ஏறியது. ஒரு பொங்கலுக்கு அக்காவின் அண்ணன் அக்காவின் கணவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாராம். அக்கா அதைப் பிரித்து, அக்குளில் தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி ஒட்டி, எல்லோர் முன்னாலும் நீட்டியிருக்கிறார். கொடுத்தவர் ஒரு வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை.

"போட்டா கிழியும்னு காட்டுனேன். கிழிஞ்சப்புறம் நடுரோட்ல தெரிஞ்சுக்கணுமா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் அண்ணன் பக்கம்தான் இருந்தேன். அதைச் சொல்லவில்லை.

கணவர் வேறொரு கம்பெனிக்கு வேன் ஓட்டுபவர். ஞாயிறும் பாதி நாள் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்தது ஊருக்கு வெளியே அத்திபெலேயில். அதனால் ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நாலுவரை அக்கா என் மேஜையில் இருப்பார். இங்கிலீஷ் படிக்க வராது. அவர் கேட்பார், நான் கையேட்டில் தேடுவேன். இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டியைக் கற்றுக்கொண்டோம்.

அவர் கேட்கும் கேள்விகள் எனக்குத் தோன்றாதவை. "இந்த ஒண்ண மட்டும் மெதுவா அடிக்க வைக்க முடியுமா? மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்." முடியாது என்றேன். "முப்பது பேர்ல ஒருத்திகிட்ட மட்டும், பார்த்துத் தைம்மான்னு நான் சொல்றேனே. இதுல மட்டும் முடியாதா?" தேடினால் முடிந்தது. அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்பினால், மாற்றம் அந்த ஒரு இடத்துக்கு மட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் குரல், தனி அழுத்தம், தனி நீளம் கொடுக்கலாம். அன்று நாலு மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு நாள், ஒரு சத்தத்தைப் பதினாறு இடத்திலும் மற்றொன்றைப் பன்னிரண்டு இடத்திலும் சுற்றவிடலாம் என்று படித்துச் சொன்னேன். சின்னது சீக்கிரம் திரும்பிவிடும், பெரியது பின்னால் வரும், ஒவ்வொரு சுற்றும் புதிதாகக் கேட்கும். அக்கா விரல் மடக்கி, "நாப்பத்தெட்டுல ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும்" என்றார். நாற்பத்தெட்டில் வந்து நின்றது. அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

அவர் அடியோடு வெறுத்த வசதி ஒன்றுண்டு. ஓர் இடத்தில் சத்தம் சில சுற்றில் வரும், சில சுற்றில் வராது, எப்போது என்று மெஷினே முடிவு செய்துகொள்ளும். எனக்கு அது பிடித்திருந்தது. எதைப் போட்டாலும் உயிரோடு இருப்பது போலக் காட்டிவிடும்.

"ஒரு வாட்டி வரும், ஒரு வாட்டி வராதுன்னா யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார். "நீ செய்யறியா, அது செய்யுதா?"

நான் எதையாவது தவறாக அழுத்தி, அது சுமாராகக் கேட்டுவிட்டால், "இருக்கட்டும்க்கா, நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவேன். அக்கா விடமாட்டார். "நல்லா இருக்குது. ஆனா தெரிஞ்சு பண்ணியா?" இல்லை என்றால் அழிக்கச் சொல்வார். அதே சத்தத்தை, அதே இடத்தில், இம்முறை தெரிந்து வைக்கச் சொல்வார். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு ஒன்றில்லை. சில ஞாயிறுகளில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டும் நான் திறக்காமல் இருந்ததுண்டு.

கோரமங்களாவில் ஒரு காபிக் கடை மாடியில் மாதம் ஒரு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு நான் பெயர் கொடுத்தேன். பத்து நிமிஷம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் பர்ஸை மடியில் வைத்து உட்கார்ந்தார். இரண்டாவது சுற்று முடியும் நேரம் என் விரல் நழுவி முதல் பொத்தானில் பட்டு, அதன் விளக்கு அணைந்தது. மூன்றாவது சுற்றின் முதல் இடத்தில் விழவேண்டிய கனத்த அடி விழவில்லை. படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாதது போல ஒரு கணம். அடுத்த சுற்றுக்குள் விளக்கைப் போட்டுவிட்டேன். கூட்டம் "ஓ" என்று கத்தியது. முடிந்ததும் இரண்டு பேர் வந்து, அந்த இடத்தைக் குறிப்பாகச் சொல்லிக் கை கொடுத்தார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா கேட்டார். "மூணாவது ரவுண்டுல ஒண்ண வுட்டியே, தெரிஞ்சு பண்ணதா?"

"ஆமாக்கா."

"அதான பார்த்தேன். அந்த இடத்துல எல்லாரும் மூச்சப் புடிச்சாங்க." ஆட்டோ சிக்னலில் நின்றபோது மறுபடி சொன்னார். "இத்தன நாளா வுழுற சத்தத்தையே கேட்டுக்கினு இருந்திருக்கேன். வுழாததையும் கேக்கணும்போல."

அடுத்த ஞாயிறு, தனக்கென்று மெஷினில் அமைத்திருந்த சத்த வரிசையில், அதாவது பேட்டர்னில், அதே இடத்தை அணைத்து வைத்தார். மூன்று சுற்று சரியாக, நாலாவதில் ஒரு வெற்றிடம். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

இதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. மறு ஞாயிறு வந்தார். மெஷினைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தொழிற்சாலையில் நடந்ததைச் சொன்னார்.

தையல் மெஷினில் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. எழுந்து போய், உடைந்த துண்டுகள் அத்தனையையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த நேரத்தில் தைத்த துணிகளை எல்லாம் நிறுத்திச் சோதிக்க வேண்டும். அன்று ஓடிக்கொண்டிருந்தது கைக்குழந்தைகளுக்கான கவுன்.

"முப்பது மெஷின்ல ஒண்ணு நின்னுச்சும்மா. நூல் மாத்துற நேரம் இல்ல, பாபின் மாத்துற நேரம் இல்ல, அத்தவிட ஜாஸ்தி. ஊசி மாத்துற நேரம். ஆனா யாரும் எழுந்து போகல."

நின்றது புஷ்பாவின் மெஷின். புஷ்பா எங்களுக்கு அடுத்த தெரு. பதினோரு வருஷமாக அக்காவோடு ஒரே வேனில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலைக்குப் போகிறவர். மதியம் இரண்டு பேருக்கும் ஒரே டப்பா. எப்போதோ எடுத்து வைத்திருந்த ஊசி ஒன்றைச் சத்தமில்லாமல் மாட்டியிருக்கிறார். உடைந்ததன் முனை கிடைக்கவில்லை. சொன்னால் பார்வை மங்கியது வெளியே தெரிந்து, மெஷினிலிருந்து எடுத்து, கூலி குறைந்த நூல் வெட்டும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

அக்கா எழுந்து போய் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கடிகாரத்தைப் பார்த்தாராம். லோடு அன்றைக்கே போயாக வேண்டும். உனக்கு உறுதியாகத் தெரியுமா, பார்த்தாயா என்றாராம். பார்க்கவில்லை, கேட்டேன் என்றிருக்கிறார் அக்கா. கேட்டதை வைத்து லோடை நிறுத்த முடியாது என்றதும், "அப்ப நான் கையெழுத்து போடல, நீங்களே போட்டுக்குங்க" என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். செக்கர் கையெழுத்தில்லாமல் லோடு கிளம்பாது. மூடிய பெட்டிகளைப் பிரித்தார்கள். லைன் மொத்தமும் வீட்டுக்குப் போகாமல் நின்று தேடியது. ஒரு கவுனின் இடுப்புச் சுருக்கத்துக்குள் அந்த முனை இருந்தது. எள்ளில் பாதி.

மறுநாள் புஷ்பாவை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். ஊசி உடைந்ததற்காக இல்லை, மறைத்ததற்காக. வேனில் அக்காவின் பக்கத்து இடம் அதன்பிறகு காலியாகவே போனது. வேறு இடம் கிடைக்காதவர்களும் அங்கே உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள்.

"குழந்தை வயித்துல குத்தியிருக்கும்க்கா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றேன்.

"சரிதான். சரியில்லன்னா சொன்னேன்?" என்றார். "முன்னெல்லாம் நான் துணியத்தான் பார்ப்பேன். நிக்கிற மெஷின்லாம் காதுல வுழாது. நீ அன்னிக்கு தெரிஞ்சே ஒரு தட்ட வுட்டியே, அப்புறம்தான் இந்தக் காது வந்துச்சு. இல்லன்னா அது பாட்டுக்குப் போயிருக்கும். அவளும் வேலையில இருப்பா."

பாராட்டா, குற்றச்சாட்டா என்று தெரியவில்லை. அவர் இரண்டையும் நினைத்துச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நடந்ததை நடந்த வரிசையில் வைத்தார், அவ்வளவுதான். என்னால்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அது நான் தெரிஞ்சு விடல. கை நழுவிடுச்சு."

நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஏன் ஆமான்னே?"

"வெக்கமா இருந்துச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டாங்க."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வெல்டிங் கடையில் யாரோ இரும்பைப் போட்டார்கள்.

"அவளுக்கும் அதான் இருந்திருக்கும், இல்ல?" என்றார். "பயம்னுதான் நெனச்சேன். பயம் இல்ல. பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்து வந்தவ. கண்ணு தெரியலடின்னு என்கிட்டகூடச் சொல்லல. என்கிட்ட எப்படிச் சொல்லுவா? நான் எதப் பார்த்தாலும் குத்தம் கண்டுபுடிக்கிறவ."

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "வா, போலாம்" என்றார்.

புஷ்பா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, டிவி ஓடியது. அக்கா தட்டினார். டிவி நின்றது. கதவு திறக்கவில்லை.

"நீ தொறக்க வேணாம்" என்றார் அக்கா கதவைப் பார்த்து. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "கண்ணாஸ்பத்திரில செவ்வாய்க்கெழம பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போறேன். லீவு சொல்லிட்டு வர்றேன். நீ என்கிட்ட பேசவே வேணாம். வந்து ஆட்டோல உக்காரு, போதும்."

நாங்கள் திரும்பிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை நானும் விடுப்பு எடுத்தேன். மூன்றாவதாக ஒரு ஆள் நடுவில் தேவைப்படும் என்று தோன்றியது. பத்து நிமிஷம் முன்னால் போய்த் தெருமுனையில் நின்றோம். புஷ்பா வந்தார். என்னைவிட உயரம், ஒல்லி, யாரையும் பார்க்காத முகம். என் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் அக்கா. அல்சூர் கண்ணாஸ்பத்திரிவரை ஆட்டோவில் அப்படியே போனோம். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டியபோது புஷ்பா மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். பின்னால் நின்ற அக்கா எதுவும் சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கண்ணாடி வந்தது. மகள் மூலமாக விசாரித்து, அத்திபெலே பக்கம் வேறொரு தொழிற்சாலையில் ஆள் எடுப்பதை அக்கா எனக்குச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதி, கதவிடுக்கில் போட்டுவிட்டு வந்தேன். புஷ்பாவுக்கு அங்கே மெஷினிலேயே வேலை கிடைத்தது. காலையில் அவர் பஸ்ஸுக்கு நடப்பதையும் அக்கா வேனுக்கு நிற்பதையும் மாடியிலிருந்து பார்ப்பேன். ஒரே நேரம், ஒரே தெரு, எதிரெதிர் ஓரம்.

"பேசினாங்களாக்கா?" என்று எப்போதாவது கேட்பேன்.

"கண்ணாடி போட்டுக்கினு போறா" என்பார்.

அக்கா தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. வேனில் பக்கத்து இடத்தில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்காரத் தொடங்கினாள், விஷயம் தெரியாதவள். ஞாயிறு மதியம் பழையபடி வந்தார். ஒரு சத்தத்துக்குப் பதினாறு இடம், இன்னொன்றுக்குப் பதினைந்து என்று வைத்து, எப்போது சேரும் என்று தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நான் எதையாவது தவறாக அழுத்தினால் அழிக்கச் சொல்வதில் ஒரு மாற்றமும் இல்லை. குணம் மாறியது என்று சொன்னால் அது பொய்.

புஷ்பா புது வேலைக்குப் போய் எட்டு மாதம் இருக்கும். அப்படி ஒரு ஞாயிறு, அக்கா தன் பேட்டர்னைச் சுற்றவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தேன். புஷ்பா. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"அவங்க வீடு பூட்டியிருந்துச்சு. இங்கதான் இருப்பாங்கன்னு கீழ கடையில சொன்னாங்க" என்றார் என்னிடம்.

அக்கா திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் பத்தாவது பொத்தானில் இருந்தது. பதினாறு முடியட்டும் என்று காத்திருந்து நிறுத்தினார். அதுவரை புஷ்பா வாசலிலேயே நின்றார்.

"பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்" என்றார் புஷ்பா, இப்போதும் என்னைப் பார்த்தே. "ஜாக்கெட் நானே தைச்சேன். போடறதுக்கு முன்னாடி பார்த்துட்டா நல்லதுன்னு..."

அக்கா கையை நீட்டினார். பொட்டலத்தைப் பிரித்தார். பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். ஜன்னல் பக்கம் போய் உட்பக்கத்தைத் திருப்பி, தோள் மூட்டை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். கைக்குழியைச் சுற்றி நகத்தால் வருடிக்கொண்டே போனார். கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றினார். பக்கத் தையலை வெளிச்சத்தில் பிடித்தார். என் அலுவலகத்தில் யாரும் எந்த வேலையையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. புஷ்பா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அக்கா ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தார்.

"ஒண்ணும் இல்ல."

புஷ்பா முதல்முறையாக நேராக அவரைப் பார்த்தார். "நெஜமாவா? எனக்காகச் சொல்லல இல்ல?"

"உனக்காகன்னு நான் என்னிக்குடி சொல்லியிருக்கேன்?"

புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.